அவிநாசிபாளையத்தில் இளவரசருக்கு ஜட்டி

2008, ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதேகாலுக்குத் திருப்பூரில் இறங்கும்போதே எனக்குக் கடுப்பு. சேலத்திலிருந்து பாசஞ்சர் வண்டி, டிக்கெட் பத்தொன்பது ரூபாய். ஊத்துக்குளியில் எந்தக் காரணமும் சொல்லாமல் நாற்பது நிமிடம் போட்டுவிட்டார்கள். பிறகு தாராபுரம் சாலையில் டவுன் பஸ், ஏழு ரூபாய். அவிநாசிபாளையம் வரை ஒற்றைக் காலில் நின்றேன். இன்னொரு காலை வைக்க இடமில்லை.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன். பழைய லண்டன் கேலிச்சித்திரங்கள் என் பைத்தியம். லண்டனில் நடக்கப்போகும் ஒரு சித்திரக் கண்காட்சிக்கான பனியன்கள் இங்கே அச்சாகின்றன. சாம்பிள் மூலப்படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல ஏற்றுமதி ஏஜென்ட் என்னை அனுப்பியிருந்தார். மாலை ஐந்து மணிக்கு கூரியர். அதற்குள் சாம்பிள் போகாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

படம் இதுதான்: ஒரு குண்டு இளவரசர் கட்டிலடியில் குனிந்து மகுடத்தைத் தேடுகிறார். கால்சட்டை முழங்காலில் கிடக்கிறது. பின்னால் இரண்டு மந்திரிகள் மண்டியிட்டு, அவருடைய வெறும் பின்புறத்தைப் பயபக்தியோடு கும்பிடுகிறார்கள். இருநூறு வருடங்களுக்கு முன் அச்சடித்தவரே கடையில் மாட்டப் பயந்து பெட்டியில் பூட்டி வைத்த படம். நான் வகுப்பில் தொண்டை வறளப் பேசுகிற படம்.

பத்தரை மணி. பிரின்டிங் யூனிட் நடத்தும் சரஸ்வதி டீ கொடுத்து, பெருமையோடு சாம்பிளை விரித்தார். இளவரசர் ஜட்டி போட்டிருந்தார். எலாஸ்டிக் பட்டை, தொடையோரம் தையல், இடுப்பில் குட்டியாக ஒரு லேபிள்கூட.

“இது என்னங்க?” என்றேன்.

“படத்தை முடிக்காம அனுப்பிட்டாங்கன்னு நெனச்சோமுங்க சார். கம்ப்யூட்டர்ல நாங்களே போட்டுட்டோம். தொண்ணூத்தஞ்சு சைசுங்க. இடுப்பைப் பார்த்தா தெரியாதுங்களா? பிட்டிங் எப்படி வந்திருக்குது பாருங்க.”

பிட்டிங் பிரமாதம்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல். மந்திரிகள் இப்போது ஏதோ கம்பெனி விளம்பரத்துக்கு நிற்பது போல ஜட்டியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜட்டியை எடுத்துவிட்டு, ஸ்கிரீன் என்கிற அச்சுச் சட்டத்தைப் புதிதாகப் போடச் சொன்னேன். அச்சு மேசையிலிருந்த பத்துப் பெண்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் மேரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவள்தான் வாயைத் திறந்தாள்.

“சார், பள்ளிக்கூடம் விட்டா எங்க பிள்ளைய எல்லாம் நேரா இங்கதான் வரும். இத நாங்க தொட மாட்டோம்.”

ராஜாக்களைக் கேலி செய்யும் உரிமை பற்றி அரை மணி நேரம் பேசினேன். பயந்து பூட்டிய பெட்டியைத் திறப்பதுதான் நாகரிகம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“அவங்களே வச்சுப் பூட்டுனத நாம எதுக்கு சார் தொறக்கணும்?”

பன்னிரண்டுக்கு கரண்ட் போனது. இரண்டுக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரமும் வியர்த்து ஒழுகியபடி, வெட்கப்படுகிற ஜனங்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். சரஸ்வதி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். “மூணு மாசமா இந்த மேசை சும்மாவே கிடக்குதுங்க சார். இது போச்சுன்னா இவிகளை எல்லாம் அனுப்பிப்போடோணும்” என்றார். அதைக் கேட்டும் பெண்கள் அசையவில்லை.

நான்கு மணிக்குச் சரஸ்வதியே ஸ்கிரீனைத் தயார் செய்தார். அச்சடிக்க யாரும் வரவில்லை, நானே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இங்க்கை இழுத்தேன். முதல் பீஸ் கோணல். இரண்டாவதில் மந்திரிக்கு இரண்டு மூக்கு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மேரிக்குப் பொறுக்கவில்லை. “தள்ளுங்க சார், துணி பாழாப்போகுது” என்று வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே, தடவித் தடவித் துணியைப் பதித்து, ஒரே இழுப்பில் அடித்தாள். அச்சு கண்ணாடி மாதிரி விழுந்தது. இங்க் காய இஸ்திரிச் சூடு காட்டி, ஐந்துக்கு கூரியர்காரரிடம் கொடுத்தோம். சரஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன். மேரி மறுபடி சுவரைப் பார்த்தபடி அடித்துக் கொடுத்தாள். சூடு காட்ட நேரமில்லை. “மடிச்சுப் போடாதீங்க சார், ஒட்டிக்கும். விரிச்சே வெச்சுட்டுப் போங்க” என்ற சரஸ்வதி, ஜட்டி போட்ட இளவரசர் சாம்பிளையும் பையில் திணித்தார்.

ஆறு மணி பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பனியனை விரித்துக்கொண்டேன். வெற்றிதான். காற்றில் இளவரசர் காய்ந்துகொண்டிருந்தார்.

ஊத்துக்குளியில், கையில் வெண்ணெய்ப் பொட்டலத்தோடு ஒரு பெரியவரும் அவர் மகளும் ஏறி எதிரில் உட்கார்ந்தார்கள். மகள் என் வகுப்பு மாணவி. “அப்பா, நான் சொன்னேனில்லீங்க, கேலிப்படம் பத்தியெல்லாம் நடத்துவாருன்னு, அந்த சார் இவருதானுங்க” என்றாள்.

பெரியவர் கும்பிட்டார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

“ஏனுங்க சார், அது என்ன படமுங்க?”

“ஒன்றுமில்லைங்க, சும்மா ஒரு சாம்பிள்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் கைகள் அதை நான்காக மடித்துப் பையின் அடியில் தள்ளிவிட்டிருந்தன.

ஒன்பதரைக்கு வீடு. கூடத்தில் பனியனைப் பிரித்தேன். இங்க் ஒட்டிப் பிய்ந்து இளவரசரும் மந்திரிகளும் ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டிருந்தார்கள். மேரி துணியைத் தொட்டாள், அச்சை அடித்தாள், முகத்தை மட்டும்தான் திருப்பிக்கொண்டாள். நானோ படத்தையே மடித்து மறைத்துவிட்டேன். எனக்கு மிஞ்சியது ஜட்டி போட்ட இளவரசர்தான். அந்தப் பனியனைப் போட்டுப் பார்த்தேன். அளவு கச்சிதமாக இருந்தது.