தைலம்மா அக்கா மூடி வெச்ச நெருப்பு

தைலம்மா அக்காவப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அது கொலைகாரி இல்ல. அப்படி எவனாவது பேசினா நேரா எங்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க, பதில் நான் சொல்றேன். ஆனா ஒரு பொண்ணு செத்ததுக்கு அக்காதான் காரணம். அந்தப் பழிய இன்னொரு மனுசன் சுமந்தான். இது அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மூணு வருசம் ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டுதான் இருந்தோம்.

எம் பேரு கோவிந்தசாமி. சிதம்பரத்துல ஒரு பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல்ல சமையல். தனியார் காலேஜ், பேரு வேணாம். அக்கா அங்க ஆயா வேலைக்கு வந்தது ரெண்டாயிரத்து நாலுல. அதோட வூட்டுக்காரரு பொன்னுரங்கம் சவுக்குக் கழி லோடு ஏத்தறவரு. லாரி மேலேருந்து விழுந்து போயிட்டாரு. எழிலரசின்னு ஒரே பொண்ணு, அப்ப ஸ்கூல் படிச்சிக்கிட்டிருந்துச்சி.

அக்காவுக்கு ஊரு ஆலப்பாக்கம் பக்கம். ஒரு பக்கம் பெருமாள் ஏரி, இன்னொரு பக்கம் கடலு, நடுவுல மணலும் சவுக்குத் தோப்பும். நமக்கும் அதே பக்கந்தான். எட்டு வயசுலேருந்து தோப்புல சவுக்குச் சருகு கூட்டி அரிச்ச கை அக்காவோடது. அந்தச் சருகுதான் எங்க ஊருல அடுப்புக்கு எல்லாம். சோறு பொங்கினப்புறம் மிச்சம் இருக்கற நெருப்புக் கங்க யாரும் தண்ணி ஊத்தி அணைக்க மாட்டோம். மணல்ல குழி பறிச்சி, கங்கத் தள்ளி, மேல மணலப் போட்டு மூடிடுவோம். சாயங்காலம் தோண்டி ஊதினா பொசுக்குன்னு பத்திக்கும். மணல்ல போட்ட கங்கு எங்கயும் போவாது. இதுல அக்கா கெட்டிக்காரி. ஊருல ஒரு தீப்பெட்டிய மூணு மாசம் வெச்சிக்கிட்டு இருக்குமாம், அப்படின்னு அதுவே பெருமை அடிச்சிக்கும்.

ரெண்டாயிரத்து ஒம்பது மே மாசம் காலேஜுல வடக்க மலைக்கு கேம்ப்புன்னு கெளம்புனாங்க. இருவத்திரெண்டு பொண்ணுங்க. கூட்டிட்டுப் போனது பி.டி. சார் ராஜமாணிக்கம். பதினஞ்சி வருசம் பட்டாளத்துல இருந்தவரு, ஹிந்தி தண்ணி மாதிரிப் பேசுவாரு. தொணைக்கு ஒரு பொம்பள வேணும்னாங்க. வார்டனம்மா மூட்டு வலின்னு நழுவிடுச்சி. அக்கா தலையில கட்டிட்டாங்க. போயிட்டு வந்தா வேலைய பர்மனென்ட் பண்றோம்னாங்க. சப்பாத்தி தின்னா புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாங்க.

இமயமலை அடிவாரத்துல காட்கோதாம்னு ஒரு ஸ்டேஷன்ல எறங்கி, பஸ்சுல ஏறி, அப்புறம் நடந்து போனா ஒரு ஏரி. நம்ம பெருமாள் ஏரியில நாலுல ஒரு பங்கு கூட வராது. ஆனா தண்ணியில கை வெச்சா வெரலு மரத்துப் போவும். சுத்தி மலை, மலை பூரா பைன் மரம். கரையில எட்டு டெண்ட்டு. கரண்ட் இல்ல, பாத்ரூம் இல்ல, சாக்குப் படுதாவுக்குப் பின்னாடி ஒரு குழி, அவ்வளவுதான். வசதி இல்லாம இருக்கறதுதான் கேம்ப்புன்னாரு சாரு. இதுக்கு ரெண்டு நாளு ரயில்ல வரணுமா, எங்க ஊரு தோப்புலயே சாக்கு கட்டிக் குடுத்திருப்பேனேன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சி.

அக்கா மட்டும் சந்தோசமா இருந்துச்சி. மரத்த அண்ணாந்து பாத்துட்டு, நம்ம சவுக்கு மாதிரியேதான்டா இருக்குதுன்னுச்சி. கீழ சருகு மெத்தையாட்டம் கெடந்துச்சி. இதெல்லாம் எவனும் அரிக்கறதில்லியா, எம்மாம் சருகு வீணாப் போவுதுன்னு அதுக்கு ஒரே வயித்தெரிச்சல்.

அங்க பிஷன்னு ஒரு வாட்சரு. காட்டுக்குக் காவலு. அம்பது வயசு இருக்கும். தெனம் காலையில டெண்ட்டச் சுத்தி சருகக் கூட்டி வெறுந்தரையாக்குவாரு. அக்கா போயி இன்னொரு வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு கூடவே கூட்டும். இது தமிழ்ல பேசும், அந்தாளு அவுரு பாஷையில பேசுவாரு, ரெண்டு பேரும் சிரிச்சிக்குவாங்க. குளுருதேன்னு தன்னோட கம்பளிக் குல்லாவ எடுத்து அக்காவுக்குக் குடுத்தாரு. அத மாட்டிக்கிட்டு அக்கா நிக்கறதப் பாத்துப் புள்ளைங்க உழுந்து உழுந்து சிரிச்சிதுங்க.

நெருப்ப, கல்லு அடுக்கின ஒரே எடத்துலதான் மூட்டணும்னு பிஷன் கையக் காட்டிச் சொன்னாரு. கன்னத்த உப்பி ஊதி, ரெண்டு கையையும் மலை மேல வீசிக் காட்டினாரு. எங்களுக்கு நல்லாவே புரிஞ்சிது. "எனக்கே நெருப்பு சொல்லித் தரான் பாரு கோவிந்து" ன்னு அக்கா கிண்டலடிச்சிது.

மூணாம் நாளு நாலஞ்சி புள்ளைங்களுக்குக் குளிக்க வெந்நி வேணும்னு ஆயிடுச்சி. பொம்பளப் புள்ளைங்க சமாச்சாரம். ஆம்பளைங்க நிக்கற எடத்துல மொடாவ வெச்சிக் குளிக்க முடியுமா? டெண்ட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் மேல ஒரு பாறை இருந்துச்சி. அதுக்கு மறைவுல அக்கா மூணு கல்லு வெச்சிது. தண்ணிக் குண்டான நான்தான் தூக்கிட்டுப் போயிக் குடுத்தேன். புள்ளைங்க குளிச்சி முடிச்சிதும் கையாலயே குழி பறிச்சி, கங்கத் தள்ளி, மண்ணப் போட்டு மூடி, தட்டி, மேல ஒரு சொம்புத் தண்ணியும் தெளிச்சிது. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல.

அது மண்ணே இல்லங்க. பல வருசமா உழுந்த சருகு மக்கிக் கறுப்பா ஆயி, தரையாட்டம் கெடந்துருக்குது. கங்கு அதுக்குள்ளயே ஊந்துக்கிட்டுப் போயிருக்குது.

மத்தியானம் காத்து கெளம்புச்சி. பாறைக்கு இருவது அடி மேல பொகை. என்னான்னு பாக்கறதுக்குள்ள மரம் பத்திக்கிச்சி. எங்க ஊரு சவுக்குச் சருகு சாதுவா எரியும். அந்த மரத்துல பிசினு ஜாஸ்தி, சடசடன்னு மேல மேல ஏறுது. சாரு புள்ளைங்களை எல்லாம் ஏரியில முட்டித் தண்ணியில நிக்க வெச்சாரு. பிஷன் பச்சக் கெளைய ஒடிச்சிக்கிட்டு மேல ஓடினாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

நெருப்பு எங்க பக்கம் எறங்கவே இல்ல. மேலதான் போச்சி. மேல பிஷனோட தம்பி பொண்டாட்டி மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்துருக்குது. சாயங்காலமா நாலு பேரு கம்பளியில சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. இருவத்தஞ்சி வயசு கூட இருக்காது. அதுக்கு மேல அதப் பத்திச் சொல்ல எனக்கு வாய் வரல.

மறுநா காலையில ஜீப்புல ரேஞ்சரு வந்தாரு, கூட ரெண்டு போலீசு. ஊருக்காரங்க பிஷனத்தான் கை காட்டினாங்க. மாட்டுக்குப் புதுப் புல்லு மொளைக்கணும்னு அங்க சருகக் கொளுத்துவாங்களாம், இவுரும் முன்ன கொளுத்தி இருக்காராம். அந்தாளு இல்ல இல்லன்னு தலையாட்டறாரு. பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்த தம்பி பொண்டாட்டி செத்துக் கெடக்குது, நீதான நெருப்பு வெச்சன்னு இவுரையே கேக்கறாங்க.

அக்கா முன்ன நாளு மத்தியானத்துலேருந்து பச்சத் தண்ணி குடிக்காம ஒக்காந்துருந்துச்சி. எழுந்திரிச்சி, நான் போயிச் சொல்லிடறேன்டான்னுச்சி. நான் கையப் புடிச்சி இழுத்தேன். எழிலுக்கு பி.எட். சீட்டு வாங்கணும், இப்பதான் பர்மனென்ட்டுன்னு சொல்றாங்க, மொழி தெரியாத ஊருல உன்ன உள்ள வெச்சா எவன் வருவான், சும்மா கெட அக்கான்னேன். இத நான்தான் சொன்னேன். த்தூ, இப்ப நெனச்சாலும் எம் மேலயே எனக்குக் காறித் துப்பணும் போல இருக்குது.

அக்கா கைய ஒதறிட்டு நேரா சாருகிட்டப் போச்சி. "சார், நெருப்பு நான் மூடினது. அந்தப் பாறைக்குப் பின்னாடி. அந்தாளு இல்ல. இவுங்ககிட்டச் சொல்லுங்க."

சாரு அக்காவ ஒரு நிமிசம் பாத்தாரு. அப்புறம் ரேஞ்சருகிட்ட ஹிந்தியில என்னமோ சொன்னாரு. ரேஞ்சரு தலையாட்டிட்டு எழுதினாரு. பிஷன் அக்கா பக்கம் திரும்பி, கண்ணுல தண்ணியோட ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாரு. அப்புறம் அவுர ஜீப்புல ஏத்திட்டாங்க.

சொல்லிட்டீங்களா சார்னு அக்கா கேட்டுச்சி. சொல்லிட்டேன், போயி மூட்டையக் கட்டுன்னாரு. அக்கா அதுக்கு மேல கேக்கல.

ரயில்ல வரும்போது சத்யப்பிரியான்னு ஒரு பொண்ணு எங்ககிட்ட வந்து ஒக்காந்துச்சி. நெய்வேலிப் பொண்ணு, ஸ்கூல்லயே ஹிந்தி படிச்சிது. அழுதுக்கிட்டே சொல்லிச்சி. இந்தம்மா பயந்து போயிருக்காங்க, பிஷன் நல்லவரு அவுர விட்டுடுங்கன்னு கெஞ்சறாங்க, அப்படித்தான் சாரு ரேஞ்சருகிட்டச் சொன்னாராம்.

நேரா சாரு சீட்டுக்குப் போயி, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு கேட்டேன். அவுரு குரல ஒசத்தல. இந்தப் பொம்பளைய ஜெயில்ல விட்டுட்டு வரச் சொல்றியா, அங்க தொணைக்கு நீ இருப்பியான்னு திருப்பிக் கேட்டாரு. திரும்பி வந்து அக்கா பக்கத்துல ஒக்காந்தேன்.

அக்கா ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்துச்சி. அந்தாளு கும்பிட்டப்பவே எனக்குத் தெரியும்டான்னுச்சி.

ஆகஸ்டுல பர்மனென்ட் ஆர்டர் வந்துச்சி. எழிலு பி.எட். முடிச்சி குறிஞ்சிப்பாடியில ஒரு ஸ்கூல்ல டீச்சர் ஆச்சி. ஊரே அக்காவக் கொடுத்து வெச்சவன்னுச்சி. அக்கா எளைச்சிக்கிட்டே வந்துச்சி. அடுப்பங்கரைக்குள்ள கால வெக்காது. சோறு போட்டா பாதியில எழுந்துரும். பிஷன் என்ன ஆனாருன்னு எப்படித் தெரிஞ்சிக்கறதுன்னு எங்கிட்ட எத்தனையோ தடவ கேட்டுச்சி. அங்க டெண்ட்டு போட்டுக் குடுத்தவன் போன் நம்பரோட குடுத்த கார்டு எம் பொட்டிக்குள்ளயேதான் இருந்துச்சி. தெரியலியே அக்கான்னுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

தானே புயல் அடிச்சி எங்க பக்கத்து சவுக்கெல்லாம் சாஞ்சுதே, அதுக்கப்புறம், ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல, ஹாஸ்டல்ல ரிப்பேர் வேலை நடந்துச்சி. டைல்ஸ் போட மனோஜுன்னு ஒரு வடக்கத்தி ஆளு வந்தாரு. நம்ம ஊருல ஆறு வருசமா இருக்கறவரு, தமிழு நல்லாப் பேசுவாரு. அக்கா தெனம் டீ எடுத்துக்கிட்டுப் போயி அவுருகிட்ட ஒக்காந்துக்கும். ஒரு நாளு கூட்டிக்கிட்டே என்னமோ மொணமொணன்னுச்சி. என்னான்னு கேட்டேன். "ஆக் மைனே லகாயீ தீ. நெருப்பு நான்தான் வெச்சேன்னு அர்த்தம். சரியாச் சொல்றனாடா?"

எனக்கு அழுகை வந்துடுச்சி. போயி கார்ட எடுத்துட்டு வந்து குடுத்தேன். மூணு வருசமா வெச்சிருந்தியான்னு கேட்டுச்சி. திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்துருக்கும்.

மனோஜு டெண்ட்டுக்காரனுக்குப் போன் போட்டு வெசாரிச்சாரு. பிஷன் எட்டு மாசம் ஜெயில்ல இருந்தாராம். வேலை போயிடுச்சி. கேசு முடியறதுக்குள்ள போன குளுருல செத்தும் போயிட்டாரு. பொண்டாட்டி மட்டும் இருக்குது. தம்பி வூட்டுல பேச்சு வார்த்தை கெடையாது, ஊருல நல்லது கெட்டதுக்குக் கூப்புடறதில்ல, தண்ணி எடுக்கக் கூட அடுத்த ஊருக்குப் போவுதாம். தம்பி பொண்டாட்டியக் கொளுத்தினவன் வூடுன்னே பேராம்.

மனுசனே போயிட்டாரு, இனிமே சொல்லி யாருக்கு என்ன அக்கா, எழில நெனச்சிப் பாருன்னேன்.

"அவன் பொண்டாட்டி சாவலியே" ன்னுச்சி அக்கா.

மறுநா காலையில பத்து மணி. மொட்டை மாடியில டைல்ஸ் பொட்டிங்களுக்கு நடுவுல நாங்க மூணு பேரு. டெண ்ட்டுக்காரன்கிட்ட நம்பரு வாங்கி, பிஷன் பொண்டாட்டிக்கு மனோஜு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாரு. அந்தப் பக்கம் ஒரு பொம்பளக் குரலு. மதராசுலேருந்துன்னு மனோஜு சொன்னதும் அந்தம்மா கடகடன்னு பேசிச்சி. எம் புருசனுக்காகப் பேசினது நீங்க ஒருத்திதான், சாவற வரைக்கும் ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தாருன்னு சொல்றாங்கன்னாரு மனோஜு.

அக்கா போன ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிச்சி. "ஆக் மைனே லகாயீ தீ" ன்னுச்சி.

அக்கா திரும்பவும் அதையே சொல்லிச்சி, ஒவ்வொரு வார்த்தையா. அப்புறம் அந்தம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சி. அன்னிக்கே ஏன் சொல்லலன்னு கேக்கறாங்கன்னாரு மனோஜு.

சாருதான் மாத்திட்டாருன்னு அக்கா சொல்லும்னு நெனச்சேன். சொல்லியிருந்தா பொய்யும் இல்ல. அக்கா முந்தானையால மூஞ்சத் தொடச்சிக்கிச்சி.

"அன்னிக்கும் சொன்னேன்பா. தமிழ்ல சொன்னேன். சாரு மாத்திட்டாருன்னு அங்கியே தெரிஞ்சிப் போச்சி. நானே போயி ஜீப்பு முன்னாடி நின்னு, என்னக் காட்டி, கைய நீட்டியிருக்கலாம். நீட்டல. என்ன விட்டுட்டாங்களேன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சி. அப்படியே சொல்லு."

மனோஜு அக்காவப் பாத்தாரு. அப்புறம் என்னப் பாத்து, மெதுவா, இதெல்லாம் சொல்லணுமாண்ணேன்னு கேட்டாரு.

"ஒரு வார்த்தை விடாம சொல்லு" ன்னேன். "பக்கத்துல கோவிந்தசாமின்னு ஒருத்தன் நின்னான், அவனுக்கும் தெரியும், அவன்தான் கையப் புடிச்சி இழுத்தான்னு அதையும் சேத்துச் சொல்லு."