நாலு எந்தப் பக்கம்

றோசலினுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரிடமாவது ஒன்றைக் கேட்க வேண்டி வந்தால், கழுத்துச் சங்கிலியில் கிடக்கிற சிலுவையை எடுத்து உதட்டில் வைத்துக்கொள்வாள். பெரும்பாலும் கேட்கிற எண்ணத்தைக் கைவிட்ட பிறகுதான் சிலுவை கீழே இறங்கும். கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்த முதல் மாதத்திலேயே அவள் கணவன் றெனோல்ட் இதைக் கண்டுபிடித்துவிட்டான். பஸ் நிறுத்தத்திலும் டெப்பனர் எனும் மூலைக்கடையிலும் டொக்டரின் வாசலிலும் வருடக்கணக்காகப் பார்த்து வருகிறான். "பூசை தொடங்கிட்டுது" என்று சிரித்துவிட்டு, கேட்க வேண்டியதைத் தானே கேட்டுச் சொல்வான்.

மன்னாரில் எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவள் றோசலின். பிறகு பள்ளிக்கூடம் போக வாய்க்கவில்லை. சென்ட் லோரன்ட்டில் வாடகை வீடு, பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் காலை வேலை. வாய் திறப்பது குறைவு என்பதால் கண்ணுக்கு வேலை அதிகம். ஒரே மகள் ஷெரோன் பொய் சொல்லும்போது கால் பெருவிரலை மடக்குவாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

போன வருடம் ஜூனில், ஷெரோன் நாலாம் வகுப்பு முடிக்கிற நேரம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மதாம் கூப்பிட்டுக் கதைத்தா. பிள்ளை கணக்கில் ஒருவாறு கரை சேர்ந்துவிட்டாள், ஆனால் கோடை விடுமுறையில் மறந்துவிட்டால் கஷ்டம். செப்டெம்பரில் ஒரு சின்னச் சோதனை வைப்போம், அதில் தடுமாறினால் பழையபடி, படிப்பில் பிந்தின பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிற அந்தச் சின்ன அறைக்குத்தான் அனுப்ப வேண்டி வரும் என்றா. றெனோல்ட் றோசலினுக்குத் தமிழில் சொல்லி முடிக்க முன்னமே ஷெரோனின் முகம் சுருங்கிப்போனது. குளிர்காலம் முழுக்க வகுப்பின் நடுவில் எழும்பி அந்த அறைக்குப் போனவள் அவள். கதவில் கண்ணாடி. போகிற வருகிற பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் அங்கே போகப் பயந்து வயிற்றுவலி என்று படுத்ததும் உண்டு.

கோயிலில் அக்னெஸ் அக்கா, பியர்பொன்ட்ஸில் ஒருவர் ரியூசன் கொடுக்கிறார், அனுப்பு என்றாள். "சும்மா விட்டால் ஓகஸ்டிலை பிள்ளைக்குத் தன்ரை பேரே மறந்துபோம்" என்றும் சேர்த்துச் சொன்னாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் இழுத்தடிக்க றோசலினுக்கு மனமில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் நாலும் தனக்குத் தெரியும்தானே, நானே இருந்து செய்விக்கிறேன் என்று முடிவெடுத்தாள்.

வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்து, மின்விசிறியைத் திருப்பிவைத்துவிட்டு இருவரும் குசினி மேசையில் இருப்பார்கள். கூட்டலும் பெருக்கலும் நன்றாகப் போயின. வாய்ப்பாட்டை ஷெரோன் பிரெஞ்சில் சொல்வாள், றோசலின் மனதுக்குள் தமிழில் சொல்லிச் சரிபார்ப்பாள். பிரித்தலில்தான் சிக்கல் வந்தது. தொண்ணூற்றாறை நாலால் பிரி என்றால் ஷெரோன் தொண்ணூற்றாறை இடப்பக்கம் எழுதி, கோடு கீறி, நாலை வலப்பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். றோசலின் படித்ததில் நாலு இடப்பக்கம் நிற்கும், விடை தலைக்கு மேலே ஏறும். மேலே பார்த்தால் ஒன்றுமில்லை. பிள்ளை கேள்வியையே தலைகீழாக எழுதுகிறாள் என்று நினைத்துச் சிவப்புப் பேனையால் வெட்டினாள்.

மதாம் இப்படித்தான் எழுதுவா என்று ஷெரோன் சொன்னாள். ஒருதரமல்ல, பலதரம். சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்து றோசலின் நம்பவில்லை. பெருவிரல் மடங்காமல் கிடந்ததைப் பார்த்தும் நம்பவில்லை.

ஜூலை நடுவில் பிள்ளை இரண்டு முறையையும் குழப்பத் தொடங்கினாள். நாலை ஒருநாள் இடப்பக்கம், ஒருநாள் வலப்பக்கம். விடை மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஜூனில் செய்த கணக்கே இப்போது வரவில்லை. ஒருநாள் அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்துபோக, பென்சிலை மேசையில் வைத்துவிட்டாள். மறக்காமல் வைத்திருக்க என்று தொடங்கி, இருந்ததையும் நானே கெடுக்கிறேனோ என்று றோசலினுக்கு அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

அடுத்தநாள் வேலையில் சாப்பாட்டு நேரம், பக்கத்தில் நின்று பாண் அடுக்குகிற ஜோசியான் என்ற கியூபெக்காரிக்கு முன்னால் சிலுவை உதட்டுக்குப் போனது. வாயால் கேட்க வராது என்று தெரிந்ததும் ஒரு மட்டைத் துண்டில் தொண்ணூற்றாறு, நாலு என்று இரண்டு இலக்கத்தையும் தூரத் தூர எழுதி, நடுவில் பிரித்தல் அடையாளம் போட்டுப் பேனையை நீட்டினாள். ஜோசியான் ஒருகையில் சான்ட்விச்சைப் பிடித்தபடி, தொண்ணூற்றாறை இடப்பக்கம் எழுதி, கோடு கீறி, நாலை வலப்பக்கம் வைத்து, அதற்குக் கீழே இருபத்துநாலு என்று போட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினாள். இதிலென்ன இருக்கிறது என்ற மாதிரி.

றோசலினுக்குக் காது சுட்டது. "மெர்சி" என்று நன்றி மட்டும் சொன்னாள்.

அன்று பின்னேரம் தாளை எடுத்து மகளின் பக்கம் தள்ளினாள்.

"மதாம் எழுதுறமாதிரி எழுதிக் காட்டு, பிள்ளை."

"நீங்கள் வெட்டுவீங்கள்."

"வெட்டமாட்டன். எனக்கு அது தெரியாது. நீ சொல்லித்தந்தால்தான் தெரியும்."

ஷெரோன் சிவப்புப் பேனையைத் தன்னுடைய பக்கம் எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து கணக்குக் கொடுப்பது ஷெரோன், செய்வது றோசலின். திருத்துவதற்காக ஷெரோனும் தனித்தாளில் செய்துவைக்க வேண்டும். அதைத்தான் றோசலின் கண்ணோரத்தால் பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் ஒன்றிரண்டு பிழையை வேண்டுமென்றே விட்டாள். கை தன் பழக்கத்தில் நாலை இடப்பக்கம் கொண்டுபோனபோது உண்மைப் பிழையும் வந்தது.

"அம்மா, இது சும்மா விட்ட பிழையோ, உங்கடை சொந்தப் பிழையோ?"

"சொந்தம்தான்."

"அப்ப இன்னும் ரெண்டு செய்யுங்கோ."

பின்னேர வேலைக்கு வெளிக்கிட்ட றெனோல்ட் வாசலில் நின்று, "என்னப்பா, பெயிலோ?" என்றான். இன்னும் முடிவு வரவில்லை, பேசாமல் போங்கோ என்று ஷெரோன் அவனை அனுப்பிவிட்டாள். இப்படியே ஓகஸ்ட் ஓடிப்போனது. றிகோ மாதா கோயிலுக்குப் போய்வந்த ஒரு ஞாயிறும், காய்ச்சல் வந்த கிழமையும்தான் கணக்கில்லாத நாட்கள்.

செப்டெம்பரில் சோதனை வைத்தார்கள். ஒரு பெருக்கலில் ஷெரோன் கவனக்குறைவாகப் பிழை விட்டிருந்தாள். பிரித்தல் எல்லாம் சரி. அறைக்கு வரத் தேவையில்லை என்று மதாம் சொன்னதை ஷெரோன் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து சொன்னாள்.

ஷெரோன் இப்போது ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். பிரெஞ்சு வாசிப்புக்கு வியாழக்கிழமைகளில் மட்டும் அந்த அறைக்குப் போகிறாள், கணக்குக்குப் போவதில்லை. இந்தக் கோடையில் பின்னக் கணக்குச் செய்வதென்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். றோசலினுக்குப் பின்னம் அவ்வளவு வராது.