மாமாவின் ஜப்பான் வண்டி நின்ற வெள்ளிக்கிழமை

எங்கள் மாமாவிடம் நீங்கள் யாரைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம். அவருடைய அக்காவை, அதாவது என் அம்மாவைச் சொன்னால்கூட "அது அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய வண்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டு, "இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு" என்று கிட்டே வருவார். குடியாத்தம் பேருந்து நிலையத்துக்கு வெளியே வாடகை வண்டிகள் நிற்கிற ஸ்டாண்டில் அவர் இதற்காகப் போட்ட சண்டைகள் ஏராளம். ஒருமுறை சட்டைப் பித்தான் இரண்டு அறுந்து வந்தார். அம்மா அதைத் தைத்துக்கொண்டே திட்டினாள்.

அது ஜப்பான் கம்பெனி வண்டி. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கமிஷன் எவ்வளவு என்று கேட்பீர்கள். வெள்ளை நிறம், டீசல், மூன்று வரிசை சீட்டு. மாமா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். முதலாளி பாய் புது வண்டி எடுத்தபோது, பழையதை வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வராமல் மாமாவுக்கே கொடுத்துவிட்டார். அதற்குள் அது எத்தனையோ ஊர் சுற்றியிருந்தது. ஆனால் ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை. ஏலகிரி வளைவுகளில் மற்ற வண்டிகள் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு புகை விடும்போது இது பாட்டுக்கு ஏறிப் போகும். தரைப்பாலம் முழுகிய ஒரு மழையில் பிரசவ வலியெடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு வேலூர் போய்ச் சேர்ந்தது. பிறந்த பிள்ளைக்கு வண்டியின் பெயரை வைக்கச் சொல்லி மாமா கேட்டுப் பார்த்தார். அவர்கள் முருகன் பெயரை வைத்துவிட்டார்கள். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. மாமா ஸ்டாண்டில் செய்ததையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் செய்தேன். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவளின் அப்பாவும் ஒரு வண்டி வைத்திருந்தார். நாலு பேர் தள்ளினால்தான் அது கிளம்பும். "எங்க மாமா வண்டி நிக்கவே நிக்காது" என்று அவளிடம் தினம் ஒரு தடவையாவது சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வண்டிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது எங்களுக்குத் தெரியவந்தது மாமா இன்னும் பாயிடம் வேலை பார்த்த காலத்தில். தோல் வாங்க வந்த ஒரு ஜப்பான்காரரை அவர் வேலூரிலிருந்து பேரணாம்பட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். வழியில் குடியாத்தத்தில் தறிச் சத்தம் கேட்டு, அது என்ன என்று அந்த மனிதர் விசாரித்திருக்கிறார். மாமாவுக்கு அது போதாதா? நேராக எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் லுங்கி நெய்கிற விசைத்தறிகள் இருந்தன. ஜப்பான்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தறிகளுக்கு நடுவில் வெகுநேரம் நின்றார். பிறகு ஏதோ சொன்னார். கூட வந்த கம்பெனி அதிகாரி அதைத் தமிழில் சொன்னார். வெளியே நிற்கிறதே வண்டி, அதைச் செய்த கம்பெனி முதலில் காரே செய்யவில்லையாம், தறிதான் செய்ததாம். ஒரு தச்சரின் மகன், வீட்டில் அம்மா கைத்தறியில் படுகிற பாட்டைப் பார்த்து அதை இலகுவாக்க முயன்று, கடைசியில் நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடுகிற தறியைச் செய்தாராம். அவருடைய மகன்தான் பிறகு கார் செய்ய இறங்கினாராம்.

அப்பா அசந்துபோனார். எங்கள் தறிகளில் பாவு நூல் அறுந்தாலும் தறி நிற்காது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருந்து கையால் நிறுத்தினால் உண்டு, இல்லாவிட்டால் பழுதோடு பழுதாக ஓடிக்கொண்டே இருக்கும். யாரையும் லேசில் மெச்சாத அப்பா வாசலுக்கு வந்து, வண்டியின் முன்பக்கத்தில் கையை வைத்து, "நம்மாளு செஞ்ச வண்டி" என்றார். ஜப்பான்காரர் எப்படி நம்மாள் ஆவார் என்று எனக்குத் தெரியவில்லை. நெசவு செய்கிற எல்லோரும் அப்பாவுக்கு நம்மாள்தான்.

அன்று பேரணாம்பட்டு போகும் வழியில் மாமா இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். அந்தக் கம்பெனியின் கார் பேக்டரியில் வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே ஒரு கயிறு போகுமாம். எங்காவது ஏதாவது தப்பாகத் தெரிந்தால், யாராக இருந்தாலும் அதைப் பிடித்து இழுக்கலாமாம். சரிப்படுத்தவில்லையென்றால் வேலை மொத்தமும் நின்றுவிடுமாம். அதனால்தான் அந்த வண்டி வழியில் நிற்பதில்லை, நிற்க வேண்டியதெல்லாம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் வருகிறது என்றார் மாமா. அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் அவள் இருந்தாள். ஈர முகத்தோடு வந்து, "யாரு வேணா இழுக்கலாமா மாமா?" என்று கேட்டாள்.

"நேத்து சேர்ந்த பொண்ணு கூட இழுக்கலாம்" என்றார் மாமா.

இதெல்லாம் நடந்து, வண்டி மாமாவுடையதாகி, ஸ்டாண்டில் அதன் பெயர் கொடிகட்டிப் பறந்த சமயத்தில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பார்த்தவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். மாப்பிள்ளைக்கு நாட்றம்பள்ளி. நல்ல குடும்பம், சொந்தத்தில் கடை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு பெண் கம்பெனிக்குப் போகக் கூடாது. பெரியப்பா அதற்கென்ன என்று சொல்லிவிட்டார், அப்பாவும் சரி என்றார். அக்காவை அப்போதுதான் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். சூப்பர்வைசர்களுக்கு மட்டும் தருகிற நீலக் கோட்டை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளே துவைத்து, வேறு யாரையும் தொடவிடாமல் இஸ்திரி போட்டு மாட்டுவாள். அவள் அம்மாவிடம் என்னவோ சொன்னாள். அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். கல்யாணமென்றால் மாமாவின் வண்டிக்குப் பூ அலங்காரம் செய்வார்கள், நான் முன்சீட்டில் உட்காருவேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு என்ன இருந்தது?

பூ வைக்கிற சடங்கை நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். காலையிலேயே கிளம்பினோம். முன்சீட்டில் நான். நடுவில் அப்பாவும் பெரியப்பாவும். பின்னால் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா, பக்கத்தில் பட்டுப் புடவையில் அக்கா. மாமா தலைக்கு மேலிருந்த கண்ணாடியை இரண்டு மூன்று முறை திருப்பி வைத்தார். பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாணியம்பாடிக்குப் பக்கத்தில் பெரியப்பா டீ குடிக்க வேண்டும் என்றார். எல்லோரும் இறங்கினார்கள், அக்கா இறங்கவில்லை. நானும் என் முன்சீட்டை விடவில்லை. மாமா ஈரத்துணியால் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலைத் திறந்தாள்.

"மாமா, அந்தக் கயிறு சொன்னியே. இழுத்தா நிஜமாவே திட்ட மாட்டாங்களா?"

மாமாவின் கை நின்றது. "திட்ட மாட்டாங்க கண்ணு. ஓடி வந்து இன்னான்னு கேப்பாங்க" என்றார்.

"நம்ம ஊர்ல?"

"நம்ம ஊர்ல ஏது கயிறு?" என்று நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அக்காவுக்கும் வண்டியின் சரித்திரத்தில் இவ்வளவு ஆர்வம் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமா துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார்.

வாணியம்பாடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். மாமா வேகத்தைக் குறைத்து ஓரமாக வந்தார். அவர் கை சாவிக்குப் போனது. அடுத்த நொடி எஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டி ஒரு புளியமரத்தடி வரைக்கும் தானாக உருண்டு போய் நின்றது. நான் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். வண்டி சாகப்போவது தெரிந்து மாமா அதைக் காப்பாற்றத்தான் சாவியைப் பிடித்தார் என்று நினைத்தேன்.

பெரியப்பாவுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாயே, இதுதானா உன் ஜப்பான், ஜப்பான்காரனுக்குத் தோலைக் கொடுத்து ஓட்டை டப்பாவை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். இப்போது மாமா சட்டைக் கையை மடிக்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் மடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மூடியைத் திறந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "நிக்காதுன்னு சொன்னியே மாமா" என்றேன்.

அவர் குனிந்து என் கண்ணைத் துடைத்துவிட்டார். கையெல்லாம் டீசல் வாசனை. "யாரோ கயிறு இழுத்துட்டாங்க பாப்பா" என்றார்.

மாமா போன் போட்டதும், வாணியம்பாடியில் மெக்கானிக் கடை வைத்திருந்த அவருடைய தோஸ்த் ஒருவர் பைக்கில் வந்து சேர்ந்தார். வண்டிக்குள் தலையை விட்டார். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா பின்சீட்டைப் பார்த்தார். மெக்கானிக்கும் பின்சீட்டைப் பார்த்தார். பிறகு அவர் ஒரு போல்ட்டைக் கழற்றி, துடைத்து, அதே இடத்தில் திருப்பி மாட்டினார். அப்புறம் இன்னொன்று. "ஃபைவ் மினிட்ஸ் சார்" என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் சொன்னார். அப்படி ஒரு பொறுமையான மெக்கானிக்கை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பெரியப்பா நடுரோட்டில் நின்று பஸ்களுக்குக் கையைக் காட்டினார், ஒன்றும் நிற்கவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. இதோ ஆகிவிட்டது, பூத்தட்டை வைத்துக்கொண்டு யாராவது ஷேர் ஆட்டோவில் போவார்களா என்று மாமா அதை அனுப்பிவிட்டார். அம்மா தட்டிலிருந்த பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே தன் தம்பியைப் பார்த்தாள்.

பத்தரை தாண்டியது. பெரியப்பாவின் போன் அடித்தது. எடுத்துப் பேசப் பேச அவர் முகம் தொங்கிப்போனது. முதல் அடியிலேயே தடங்கல், இது சரிவராது என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். பெண்ணின் ராசி என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பொண்ணு இன்னா பண்ணுச்சு? என் வண்டி பேஜார் பண்ணிடுச்சு. வண்டியச் சொல்லு, என்னையச் சொல்லு" என்றார் மாமா. என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மாமா வாயால் வண்டியைக் குறை சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

மெக்கானிக் மூடியைச் சாத்தினார். மாமா சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் கிளம்பி, எப்போதும் போல் சீராக ஓடியது. என்ன கைராசி இந்த மெக்கானிக்குக்கு என்று நான் வாயைப் பிளந்தேன். அப்பா மட்டும் வண்டிக்கு முன்னால் அசையாமல் நின்றார். கூடத்தில் படுத்துக்கொண்டே எந்தத் தறி கோளாறாக ஓடுகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்கிறவர் அவர். எஞ்சினைக் கேட்டுக்கொண்டே நின்றார். மாமாவைப் பார்த்தார். மாமா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நினைத்தேன், இன்றைக்கு மாமாவுக்கு அடி நிச்சயம் என்று.

அப்பா பின்கதவைத் திறந்து, அம்மாவை நடுசீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வண்டி திரும்பி வாணியம்பாடிக்குள் வந்தது. அப்புறம் கேட்டார்.

"இன்னாம்மா?"

அக்கா அழுதாள். பிறகு பேசினாள். ஆம்பூர் தாண்டியும் பேசிக்கொண்டே வந்தாள். அப்பா ம் கொட்டிக்கொண்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கேட்கவே இல்லை. சீட்டுக்கு அடியிலும் மிதியடிக்குக் கீழேயும் கையை விட்டு அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று வீடு வந்து சேரும் வரை தேடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை அக்கா நீலக் கோட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள்.

இன்று அவள் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஒரு தளம் முழுவதையும் நிர்வாகம் செய்கிறாள். கல்யாணமும் ஆனது, வேலையை விடச் சொல்லாத வீட்டில். மாமாவின் வண்டி இன்னும் ஓடுகிறது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ரொம்ப நாளைக்கு யாரும் அதைக் கல்யாணத்துக்கு எடுக்கவில்லை, முகூர்த்தத்தைக் கெடுக்கிற வண்டி என்று பெரியப்பா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஸ்டாண்டில் இன்றைக்கும் சீண்டுகிறார்கள். "நின்னுச்சு, ஒரு தபா நின்னுச்சு. அதுக்கு இன்னா இப்போ?" என்கிறார் மாமா. அதற்கு மட்டும் அவர் சட்டைக் கையை மடிப்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை என் பெஞ்சில் உட்காருகிறவளுக்கும் சேதி போய்விட்டிருந்தது. வகுப்பில் நுழைந்ததுமே, உங்க மாமா வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டதாமே என்று கேட்டாள். நான் கயிறு இருப்பதையும் அதை இழுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதையும் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். வண்டிமேல் ஒரு தப்பும் இல்லை, யாரோ இழுத்துவிட்டார்கள் என்றேன்.

"யாரு இழுத்தது?" என்று கேட்டாள் அவள்.

தெரியாது என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.