நடுக்கடலில் நங்கூரம்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது என் வேலை. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் அடித்துத்தான் எதையும் செய்வேன். கேட்டதற்குப் பதில் வரும். தெரியாவிட்டால் தெரியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். மற்றவர்களுக்குப் பொம்மை வேண்டும். மவுஸை மேசை முழுக்க உருட்டிக் கலர் கலராக எதையாவது அமுக்குவார்கள். அதற்குப் பெயர் வேலையாம்.

போன மழைக்காலத்தில் என் தம்பி மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிய தோணியில் போயிருந்தான். கடலில் புயல் என்று செய்தி வந்தது. தோணியிலிருந்து போன் இல்லை. அவன் வீட்டுக்குப் போனால் ஒரே கூட்டம். தம்பி மனைவியின் போனில் கப்பல் இருக்கும் இடம் காட்டும் படம்: நீலக் கடல், அதில் ஒரு பச்சை அம்பு. அதுதான் தோணியாம். ஆயுள் முழுக்கத் தண்டலாகத் தோணி ஓட்டிய பெரியப்பாவும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்.

“அசையல பாரு. தண்டல் விவரமானவன். நங்கூரம் போட்டு நிக்கான்” என்றார்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த நங்கூரமும் தரை தொடாத ஆழம் அது. அந்தக் கடலிலேயே கிடந்த மனுஷனுக்கு இது தெரியாதா? ஒரு பச்சைப் பொம்மையைக் காட்டினால் போதும், புத்தியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

லேப்டாப்பைத் திறந்தேன். கப்பல்களும் தோணிகளும் அனுப்பும் இடத்தகவல் எங்கள் அலுவலக சர்வருக்கும் வரும். ஒரே ஒரு வரி தட்டினேன். தம்பியின் தோணி கடைசியாகத் தகவல் அனுப்பியது முந்தின நாள் காலையில். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பழைய இடத்தில் அம்பை நிறுத்திவிட்டு அந்தப் படம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தது.

தம்பி மனைவியை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். கண்டுபிடித்துவிட்ட மிதப்பு எனக்கு.

“ஏளா, அது நேத்துக் காலைல உள்ள இடம். தோணி இப்ப அங்கன இல்ல.”

“தெரியும் மைனி” என்றாள். “நேத்துலருந்து நான்தான பாக்கேன். இப்ப எங்கன இருக்காவன்னு உங்க கம்ப்யூட்டர்ல போட்டிருக்கா?”

இல்லை என்றேன்.

“அப்ப நான் இதையே பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி, போனைச் சார்ஜில் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நான் அடுப்படியில் நின்றபடி அதே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். மறுநாள் மதியம் தம்பி மாலே துறைமுகத்திலிருந்து கூப்பிட்டு, கரை சேர்ந்துவிட்டோம் என்றான். அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தபோதும் என் திரையில் அந்தப் பழைய காலைதான் இருந்தது.