அரிசி டின் மூடிச் சத்தம்

எங்கள் வீட்டில் சோறு வரிசைப்படிதான் இறங்கும். முதலில் வீட்டுக்காரர், பிறகு மகன்கள் இருவர், கடைசியில் நானும் மகளும். யாரும் சட்டம் போடவில்லை, ரப்பர் தோட்டத்து லயத்தில் வரிசையாக நிற்கும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எங்கள் முறை வரும்போது சட்டியில் குழம்பு இருக்கும், மீன் போயிருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மகளுக்குப் பதினைந்து வயது, கோலா சிலாங்கூரில் இடைநிலைப் பள்ளி. இருட்டோடு வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் பால் வெட்டப் போய்விடுவேன். பள்ளி விட்டு வந்ததும் அரிசி டின் மூடி திறக்கிற சத்தம் கேட்கும். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மெல்வாள்.

"ஒன் கல்யாணத்தன்னிக்கு அடிக்கிற மழையில பந்தல் நிக்காதுடி. சம்பான் படகுதான் கட்டணும்" என்று எதிர்வீட்டு அக்கா கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன்.

ஒருநாள் பள்ளித் திடலில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆசிரியை ஒருவர் காரில் கொண்டுவந்து விட்டுப் போனார். எதிர்வீட்டு அக்கா என்னை ஓரமாக இழுத்தார்.

"புள்ளைக்கு மாசாமாசம் சரியா வருதா?"

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். எங்கள் லயத்தில் தாழ்த்திய குரல்தான் தூரம் போகும். மகளிடம் கேட்கப் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். மென்று முழுங்கி ஒருவழியாகக் கேட்டேன்.

"வருதும்மா. வந்தா நிக்கவே மாட்டேங்குது. எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேன்."

ஒரு பயம் இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளிறிக் கிடந்தது.

"ரத்தம் ரொம்பக் கம்மிலா. பச்சரிசி, மண்ணு ஏதாச்சும் திங்குதா?"

"அரிசி திங்கும் சார். வெளையாட்டுக்கு."

"வெளையாட்டு இல்லம்மா. ஒடம்புல ரத்தம் இல்லாட்டி அப்படித்தான் கேக்கும். மாத்திரை தர்றேன். பெரியாஸ்பத்திரிக்கும் எழுதித் தர்றேன், காட்டிடுங்க. மீனு, ஈரல், கீரை நல்லாப் போடுங்க."

மீன் யார் தட்டில் விழுகிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அன்று மாலை மகளின் தட்டை அப்பா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நடுத்துண்டு மீனை அவளுக்குப் போட்டேன். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டிரெசர் சொன்னாரு" என்றேன்.

அவளோ அப்பா முன்னால் சாப்பிடக் கூசி, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. இன்றைக்கும் மீன் தின்னாமல் எழுந்துவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"உள்ள ஒரே புழுக்கம். வாசல்ல காத்து நல்லா அடிக்குது."

வாசலில் ஓர் இலைகூட அசையவில்லை. படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவள் மீனை முள் மட்டும் மிஞ்சத் தின்றாள். நான் பின்கட்டில் சட்டி கழுவினேன். கைதான் சட்டியில் இருந்தது, காது அரிசி டின் மூடியிலேயே இருந்தது.