மகளின் நட்சத்திரமே என் பாஸ்வேர்ட்

போன வருடம் ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் துவரம்பருப்பு வாங்க நின்றிருந்தேன். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் என் மகள் போன் செய்தாள்.

"அம்மா, நான் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எத்தியாச்சு. பூ வாங்கிண்டு வரணுமா, நீயே வாங்கிட்டியா?"

"தம்பானூரா? அங்கே உனக்கு என்னடி வேலை?"

"நீதானேம்மா மெயில் அனுப்பிச்சே? பாலக்காட்டுக்காரா லாட்ஜிலே தங்கியிருக்கா, நேரே மூணாவது மாடிக்கு வந்துடு, என் போன்லே சார்ஜ் இல்லை, கூப்பிடாதேன்னு. பழக்கதோஷத்துலே அடிச்சேன், ரிங் போறது!"

நான் மெயில் எதுவும் அனுப்பவில்லை. பாலக்காட்டில் அவளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அது எங்களையும் அவர்களையும் தவிர யாருக்கும் தெரியாது. எழுதிக்கொண்டதெல்லாம் என் மெயிலில்தான். யாரோ என் மெயிலுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"உள்ளே போகாதே! பஸ் ஸ்டாண்டுலே போலீஸ்காரர் பக்கத்துலே போய் நில்லு. போனை வைக்காதே" என்று கத்தினேன். அவள் அப்போதே லாட்ஜ் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாளாம்.

ஆட்டோவில் ஏறினேன். பழவங்காடியில் வண்டிகள் அசையவே இல்லை. "அம்மா, எனக்குப் பேடியா இருக்கு" என்று அவள் பயந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. மறுபடி அடித்தால் ஸ்விட்ச்டு ஆஃப். நான் அழுவதைக் கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர், "சேச்சி கரையண்டா, இப்ப எத்தும்" என்று அழாதிருக்கத் தேற்றிவிட்டு ஏதோ ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். அந்தச் சில நிமிடங்களில் நான் நினைக்காத கெடுதல் இல்லை.

போய் இறங்கியபோது, போலீஸ்காரர் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நடுரோட்டில் கட்டிக்கொண்டு அழுதேன். போலீஸார் லாட்ஜில் போய்ப் பார்த்தபோது மூன்றாவது மாடியில் ஓர் அறை திறந்தே கிடந்ததாம். ஆள் இல்லை. யார் என்று இன்றுவரை தெரியாது.

சைபர் போலீஸில் ஒரு பெண் அதிகாரி பாஸ்வேர்ட் என்ன வைத்திருந்தேன் என்று கேட்டார். மகளின் நட்சத்திரமும் பிறந்த தேதியும் என்றேன். எனக்கு மறக்கவே மறக்காது என்று அதில் ஒரு பெருமை வேறு! உடனே அவர் கேட்டார்: "சேச்சி, ஜாதகம் எத்ற பேர்க்கு அயச்சு?"

எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று எனக்கே நினைவில்லை. தரகர்கள், சொந்தக்காரர்கள், முகம் தெரியாதவர்கள். எல்லாருக்கும் நட்சத்திரம், பிறந்த தேதி, போட்டோ, வேலை பார்க்கும் இடம். என் மெயிலின் சாவியை நானே ஊர் முழுக்க விநியோகித்திருக்கிறேன்.

பாஸ்வேர்டோடு போனுக்கு ஒரு கோடு நம்பரும் வருகிற மாதிரி வைத்துக்கொள் என்று அதற்கு ஒரு வருடம் முன்பே மகள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "பேங்குக்குச் சரி. என் மெயில்லே அப்படி என்னடி கொட்டிக் கிடக்கு?" என்று அவள் வாயை அடைத்தவள் நான்.

அன்றைக்கே வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து, சமையலறையில் நிற்கும்போது, நான் கேட்காமலே போனில் ஒரு கோடு நம்பர் வந்தது. யாரோ மறுபடியும் உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தடவை அவனால் உள்ளே வர முடியவில்லை.

அம்மா எழுதியிருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக என் மகள் எதையும் கேட்காமல் கிளம்பி வந்தாள். அந்த நம்பிக்கைக்குப் பூட்டுப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதைப் போய் ஒரு வருடம் தள்ளிப்போட்டேனே என்பதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.