செருப்பைக் கழற்றி ஏறிய மலை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வசனம் கோணலாக வரும், பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாங்கள் இருக்கும் குளிர்நாட்டு ஊரான எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காட்டுப் பாறைகள் இருக்கின்றன. பேரன் சப்பாத்தோடு அவற்றில் ஏறி ஓடுவான். நான் முதன்முதல் ஏறிய மலையிலோ செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன்.

சிறுவயதில் நாங்கள் அரபுக் கரையிலுள்ள ஏடனில் இருந்தோம்; அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நகரத்துக்குப் பின்னாலேயே மலைத்தொடர். கரிந்த பாறை, ஒரு புல்லும் இல்லை. ஊரில் நாங்கள் மலையைக் கண்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாய் வந்திருந்த சித்தப்பா, ஒருநாள் விடியவே அப்பாவுக்குச் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

“மலையெண்டால் முருகன்ரை இடம். கழட்டு செருப்பை,” என்றார். தானும் கழற்றினார். இரண்டு சோடியையும் அடிவாரத்திலேயே விட்டுவிட்டு ஏறினோம். கல் குளிர்ந்து கிடந்தது.

வெயில் ஏற ஏறக் கல் தோசைக்கல்லாகியது. பாதம் கொப்பளித்து நான் அழுதேன். தூக்கிக்கொண்டு இறங்க முடியாத சரிவு. ஒரு பாறை நிழலில் என்னை இருத்தினார்.

“செருப்பு எடுத்துக்கொண்டு ஓடி வாறன். நான் வருமட்டும் ‘முருகா, முருகா’ எண்டு பலத்துக் கூப்பிடு. நிப்பாட்டப்படாது!”

கூப்பிட்டேன். எதிர்ப்பாறையிலிருந்து யாரோ “முருகா” என்றார்கள். மறுபடி கூப்பிட்டேன்; மறுபடியும் அதே குரல். எதிரொலி என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டேன். தண்ணீரும் இல்லை. நிழல் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் என் கால்விரலுக்கு வந்துவிட்டது. இனிச் சித்தப்பா வரமாட்டார், அந்தக் குரல்காரன்தான் வருவான் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தது கீழிருந்து அல்ல, மேலிருந்து. காலில் இரத்தம். இரண்டு சோடிச் செருப்பும் கையிலேயே இருந்தன, போட மறந்துபோனார்.

“ஏனடி நிப்பாட்டினனி?”

“வேறை ஆரோ கூப்பிட்டவை, சித்தப்பா.”

அவர் சிரிக்கவில்லை. எனக்குச் செருப்பை மாட்டிய கை உதறியது. சாமி பெயரை நிறுத்தியதற்குத்தான் கோபம் என்று நினைத்து, வீடு வரும்வரை மனதுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

போன கிழமை பேரன் பாறைக்குப் பின்னால் ஒளிந்து, நான் கூப்பிடக் கூப்பிடப் பேசாமல் இருந்தான். அப்போது என் கையும் அப்படித்தான் உதறியது. ஒரே மாதிரியான அந்தப் பாறைகளுக்குள் என் குரல் ஒன்றுதான் சித்தப்பாவுக்கு வழி என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை; நான் நிறுத்தியதும் அவர் வழிதவறி மேலே போய்த் தேடியிருக்கிறார்.

எட்டா, ஏழா? அந்த மலைக்குப் பெயர் என்ன? ஏடனில் இருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். சித்தப்பாவைக் கேட்க இப்போது வழியில்லை.